சாமி அலமாரியில் வைத்த மாத்திரை

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் வீடியோவில் நீ குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றதைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருக்கிறது, கத்தார் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. நாங்களும் நன்றாகவே இருக்கிறோம். உன் அப்பா டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு வந்து, அதை எனக்கு முதலிலிருந்து ஒப்பிக்கிறார். உன் பெண்டாட்டி கௌசல்யா திருநகர் நர்சரிப் பள்ளியில் பொடிசுகளோடு மல்லுக்கட்டிவிட்டு நாலு மணிக்கு மேல் வில்லாபுரம் வந்து இறங்குகிறாள். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் பத்து மாதமாகச் சண்டை இல்லாமல் இருக்கிறோம் என்று தெருவில் யாரும் நம்பவில்லை. போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் "அம்மா, டவர் இல்ல, பெறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதற்காகத்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீ லீவில் வருகிறாய் அல்லவா? வந்ததும் நீயும் கௌசியும் சேர்ந்து போய் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் வரட்டும், கடிதத்தைக் கிழிக்காமல் மீதியையும் படி. உன்னை நான் சந்தேகப்படவில்லை. இதே வார்த்தையை மையத்தில் என்னிடம் கவுன்சிலிங்குக்கு வருகிற பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் புருஷனும் நம்பியதில்லை, அதனால் நீயும் நம்ப மாட்டாய் என்று தெரியும். நீ ஊருக்குப் போன பிறகு இங்கே ஒரு காரியம் நடந்தது. அதை முழுக்கச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

உன் கல்யாணத்தின்போது பெண் வீட்டார் "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டதற்கு "ஆஸ்பத்திரி வேலை" என்று சொல்லி முடித்துக்கொண்டாயே, நான் பக்கத்தில்தான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எழுமலையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களின் மகள், மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று நீ பெருமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் என்ன பேசுகிறாள் என்பதைப் பந்தியில் சொல்ல முடியாதுதான். எச்.ஐ.வி. கவுன்சிலராக இத்தனை வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை ஆணுறை. அதிகம் கேட்ட பதில், "அவரு மாட்டேங்கிறாரு மேடம்." அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க என் மேசையில் வேறு ஒன்றும் இருந்ததில்லை. கட்டிக்கொண்டவன் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவளை வரச் சொல்லுவேன்.

அப்படி இருக்கையில்தான் எங்கள் மையத்துக்கு அந்த மாத்திரை வந்தது. நோய் வந்தவர்கள் சாப்பிடும் கூட்டு மருந்து வேறு, இது வராமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடுவது. தினம் ஒன்று. புருஷனிடம் கேட்க வேண்டியதில்லை, அவன் மனசு வைக்க வேண்டியதில்லை. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். முதலில் பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி பாண்டிச்செல்வி. இது நானாக வைத்த பெயர். அவள் கதையை எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திருங்க, ஊர்ல நாலு ஆம்பளைக்கு உறைக்கட்டும்" என்றாள்.

அப்பளக் கம்பெனியில் மாவு உருட்டுகிறவள். புருஷன் கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான். போன வருடம் அவளுக்கு ஏதோ தொற்று வந்து, பார்த்த டாக்டர் "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, அவருக்கும் பாக்கணும்" என்றிருக்கிறார். அவன் வரவில்லை. ஆணுறை கேட்டதற்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். நல்லவன்தான் என்று அவள் அடித்துச் சொல்லுவாள். பிள்ளையை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவான், குடிக்க மாட்டான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கக்கா ஒளிச்சு வைக்க?" இரண்டே அறை வீடு. டப்பாவை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வேறு. அதற்குள் பஞ்சை அடைத்துக் கொடுத்துவிட்டு, ரொம்ப யோசித்து நான்தான் சொன்னேன்: "சாமி அலமாரியில, கீழ்த்தட்டுல, திரி கற்பூரமெல்லாம் வைப்பேல்ல, அதுக்குப் பின்னாடி வையி. ஆம்பளைங்க திருநீறு எடுக்குறதோட சரி, கீழ எவன் குனிஞ்சு பாக்குறான்?" அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கும் என் மூளையை நினைத்து ஒரே பெருமை. மற்ற பத்துப் பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். சாமி கும்பிடும்போது மாத்திரை ஞாபகமும் வரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று டாக்டரம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

நாலு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கௌசிக்கு டீச்சர் பரீட்சை. ஹால் டிக்கெட்டை வெள்ளிக்கிழமையே சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அத்தே, ஹால் டிக்கெட்ட எடுத்துக் குடுங்க" என்றாள். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "கையெட்டுற தூரத்துலதான இருக்கு, எடுத்துக்க" என்றேன். "நான் தூரம் அத்தே" என்றாள். "அட, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுடி, எடு." "உங்களுக்குக் கோவிச்சுக்காது. எனக்குக் கை நடுங்கும். பரீச்சை அன்னைக்குப் போயி என்னைய சோதிக்காதீங்க." சரி என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் தெருமுனை தாண்டிப் போய்விட்டாள். நான் சாமி அலமாரிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறேன். தோசை கருகுகிறது, உன் அப்பா கத்துகிறார், எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆத்தாடி, பதினோரு பேர்!

கர்ப்பப்பையை எடுத்து எட்டு வருடமாயிற்றா, எனக்கு அந்த நாள்கணக்கே மறந்துவிட்டது. அதற்கு முன்னாலும் நான் தூரம் பார்த்தவள் இல்லை. படித்த பெண், பி.எட். முடித்தவள், அவளே தொட மாட்டேன் என்கிறாள். பாண்டிச்செல்வி தொடுவாளா? உடனே போனை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். புருஷன் எடுத்தால் நான் தையல்கடைக்காரி, "ஜாக்கெட்டு தச்சாச்சு, வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்கண்ணே" என்பேன். அது எங்களுக்குள் பேசி வைத்த அடையாளம். அன்றைக்கு மட்டும் மதுரையில் எத்தனை ஜாக்கெட் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. பாதிப் பேர் மாதாமாதம் அந்த நாட்களில் மாத்திரையைத் தொடவே இல்லை. பாண்டிச்செல்வி மத்தியானமே என் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். "மூணு நாளுகூட இல்லக்கா, எனக்கு அஞ்சு நாளு. தலைக்கு ஊத்திட்டுத்தான சாமிகிட்ட போகணும்?" என்றாள். "முன்னாடியே எடுத்து வெளிய வச்சுக்கக் கூடாதாடி?" "அது என்ன சொல்லிக்கிட்டா வருது?" "பின்ன, எங்கிட்ட ஏன் சொல்லல?" "நீங்க கேக்கலையேக்கா. விட்டதுக்கெல்லாம் சேத்து, பெறகு ரெண்டு ரெண்டாச் சாப்பிட்டுட்டேன்ல." ஒரு விரதம் தப்பினால் இன்னொரு நாள் சேர்த்து இருப்பது போல அவள் கணக்கு. மருந்துக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? மறுநாள் மையத்தில் டாக்டரம்மா இதைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அஞ்சு நாள் விட்டால் உடம்பில் மருந்து குறைந்துவிடும், மறுபடி பாதுகாப்பு வர நாளாகும், இரட்டையாகப் போட்டு ஈடுகட்ட முடியாது என்றார். அவள் தலைக்கு ஊற்றிய மறுநாளே புருஷன் லோடு இறக்கிவிட்டு வந்திருக்கிறான். ஒரு மாதம் இல்லை, நாலு மாதமும்.

தம்பி, நான் செய்த தப்புகளில் இதுதான் பெரியது. யாரும் என்னைத் திட்டவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பாண்டிச்செல்விக்கும் மாத்திரையை விட்ட மற்றவர்களுக்கும் உடனே ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கிருமி உள்ளே வந்திருந்தாலும் உடனே தெரியாது, சில வாரம் விட்டு ஒன்று, மூன்று மாதம் கழித்துக் கடைசியாக ஒன்று என்று இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மூன்று மாதமும் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. நீ வீடியோவில் "என்னம்மா எளைச்சுட்ட?" என்று கேட்டாயே, "சுகர் டெஸ்ட் எடுக்கணும்" என்று சமாளித்தேன். சுகரெல்லாம் இல்லை. கௌசிக்கு மட்டும் விஷயம் தெரியும், ஆள் பெயர் தெரியாது. அவள்தான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அத்தே, நாப்கின் பாக்கெட்டுக்குள்ள வைக்கச் சொல்லுங்க. அத எந்த ஆம்பளை தொடுவான்? பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க" என்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். பதினோரு டப்பாவும் மறுவாரம் சாமியிடமிருந்து நாப்கின் பாக்கெட்டுக்குக் குடிமாறிவிட்டன. அந்த அஞ்சு நாளும் அதைத் தொட்டுத்தானே ஆகவேண்டும்? மற்ற நாட்களில் எடுத்தாலும் எந்தச் சாமியும் கேட்கப்போவதில்லை. இன்றுவரை ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு நடுவில், இனி வரப்போகிற புது முறைகளைப் பற்றி ஒரு பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார், உன் வயசுதான் இருக்கும். மிருதுவான ஒரு வளையத்தைக் காட்டினார். பெண் தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று இருப்பதையும் சொன்னார். இதெல்லாம் எங்கள் மையத்துக்கு இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். எல்லோரும் எத்தனை நாள் வேலை செய்யும், வலிக்குமா, பக்கவிளைவு உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று, "சார், மூணு நாள் தூரமா இருக்குற வீட்டுல இது எல்லாம் எப்படின்னு யாராச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டு, என் தப்பை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பாவம், அந்தத் தம்பிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இப்போது எங்கள் மையத்தில் மாத்திரை கொடுக்கும் முன் கேட்கிற கேள்விகளில், "அந்த நாட்களில் வீட்டில் எதையெல்லாம் தொட மாட்டீர்கள்?" என்பதும் ஒன்று. அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் நிறைய சந்தோஷமும் வரும்.

மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று முன்பே வந்துவிட்டது, போன வாரம் பாண்டிச்செல்விக்கும் கடைசி ரிசல்ட் வந்தது. புடவை முந்தானையில் உளுந்து மாவு அப்படியே இருக்க, வேலையிலிருந்து நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான் எத்தனையோ பேருக்கு ரிசல்ட் சொன்னவள், அன்றைக்குக் கவரைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே வாங்கிப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "ஒண்ணுமில்லடி. சுத்தமா ஒண்ணுமில்ல." அவள் அழுதாள், நான் அழுதேன், கூட்டுகிற அம்மா என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்து அதுவும் சேர்ந்து அழுதது. கண்ணைத் துடைத்ததும், "அக்கா, பசிக்குது" என்றாள். எதிர்த்த கடையில் பொங்கலும் வடையும் வாங்கித் தின்றோம். "ஊசி வந்துச்சுன்னா மொதப் பேரு என் பேரா எழுதுங்க. ஒளிக்கவும் வேணாம், மறக்கவும் வேணாம்" என்றாள். வடையைப் பிட்டுக்கொண்டே, "அந்த மனுசன் ஒருவாட்டி என்கூட வந்து டெஸ்ட் எடுத்துக்கிட்டா இம்புட்டும் தேவையில்லல்ல?" என்று கேட்டாள். தேவைப்பட்டிருக்காது என்றுதான் நானும் சொன்னேன். வளையமும் ஊசியும் வரட்டும், நூறு வகை வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் வீட்டுப் பெண் எதையும் ஒளித்துவைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி இருக்கக் கூடாது என்று அந்தக் கடையில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் ஒன்று சொன்னேன். உனக்கும் சொல்ல வேண்டும். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அப்பா சூரத்தில் முறுக்குக் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தார் அல்லவா? வருடத்துக்கு ஒருமுறை வருவார். அப்போதுதான் நான் இந்த வேலையில் சேர்ந்திருந்தேன். நாளெல்லாம் ஊரார் புருஷன்மாரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கு என் வீட்டுப் பயம் வந்துவிட்டது. அவரிடம் கேட்க வாய் வரவில்லை. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய், வேறு பெயர் கொடுத்து, எனக்கு நானே டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது. அதன் பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை அவர் வந்துபோன பிறகும் திண்டுக்கல் போனேன். "கூச்சப்படாம வீட்டுக்காரர்கிட்ட பேசுங்கம்மா" என்று ஊருக்கு உபதேசம் செய்தவள் நான். இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேப்பர் செய்திகூடச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள். மூன்றாம் நாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீ கேட்டிருந்தீன்னா கோவந்தான் பட்டிருப்பேன். ரெண்டு நாளு பேசாம இருந்துட்டு, பெறகு உன்கூட வந்திருப்பேன். அம்புட்டுதான். அதுக்குப் போயி திண்டுக்கல்லுக்கு அலைஞ்சிருக்க பாரு, கழுத" என்றார். இரண்டு நாள் கோபத்துக்குப் பயந்து ஆறு வருடம் தனியாகப் பயந்திருக்கிறேன். அவரைக் கேட்கத் தகுந்த மனிதராக நான் நினைக்கவே இல்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம், எனக்கும் அதுதான் வருத்தம்.

உனக்கு நான் சொல்ல வருவது அவ்வளவுதான். உன் பெண்டாட்டி உன்னிடம் ஒன்றைக் கேட்டால், அவள் உன்னைக் கேவலமாக நினைத்துக் கேட்கவில்லை. கேட்கத் தகுந்தவன் என்று நம்பித்தான் கேட்கிறாள். கோபம் வந்தால் உன் அப்பா சொன்னதுபோல இரண்டு நாள் கோபப்படு, பிறகு வா. சட்டையைப் போட்டுக்கொண்டு அவள்கூடவே நட. அவளுக்கும்தான் டெஸ்ட், உனக்கு மட்டுமா? என் மையத்துக்கு வர வேண்டாம். உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு அதைவிடக் கூச்சம். ஊரில் வேறு மையம் இல்லாமலா போய்விட்டது? ரிசல்ட் என்னவாக இருந்தாலும் அது உங்கள் இருவருக்கும்தான், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது வந்தாலும் இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது. கவுன்சிலராக நான் உறுதியாகச் சொல்லக் கூடியது இது, அம்மாவாகவும் இதையேதான் சொல்வேன்.

இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று கௌசியிடம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். "வேணாம் அத்தே. நான்தான் உங்ககிட்டச் சொல்லி எழுதச் சொன்னேன்னு நெனச்சுக்குவாரு." அவள் அப்படிச் சொன்னதும் எனக்குத் திண்டுக்கல் பஸ்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளிடம் மறைத்து எதையும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதி முடித்த வரைக்கும் இப்போது அவளுக்குப் படித்துக் காட்டினேன். எதிரில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா சொன்னதைப் படித்த இடத்தில் கையை நிறுத்திவிட்டாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா வேறா என்று நான் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அத்தே, நீங்க கேக்குற மாதிரி முடிக்காதீங்க" என்றாள். பிறகு எப்படி முடிக்க என்றேன். பேனாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். இனிமேல் இருப்பது அவள் எழுத்து.

என்னங்க, அத்தே கேட்டத மறந்துருங்க. நான் கேக்குறேன். நீங்க வந்ததும் நாம ரெண்டு பேரும் சேந்து போயி டெஸ்ட் எடுத்துக்குவோம். வருவீங்களா? பதில எனக்குச் சொல்லுங்க.

கௌசல்யா